கண்ட்ரோலாக வந்த அக்கா

ஐம்பது வயதைத் தாண்டியும் திடமாக நடமாடும் ஒருவரைப் பார்த்தால், இன்றும் என் கண் முதலில் அவருடைய முழங்கை மடிப்புக்குத்தான் போகிறது. நரம்பு எடுப்பாகத் தெரிகிறதா, ஊசி ஏற்றச் சிரமம் இருக்காதா என்று பார்க்கிறேன். எங்கள் வீட்டருகே உப்பல் நிலையத்தில் மெட்ரோ ஏறி உட்கார்ந்தால், எதிரே நிற்பவர் மேலிருக்கும் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போதுகூட இதே எண்ணம்தான். என் கணவர், "யாராவது தப்பா நினைக்கப் போறாங்க, ஜன்னல் பக்கம் திரும்பு" என்பார். கெட்ட பழக்கம்தான். ஆனால் அது வேலை கொடுத்த பழக்கம்.

செகந்திராபாத்தில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் நான் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். பெயர்தான் பெரிது. நோயாளிகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வெறும் வயிற்றோடு வரவழைத்து, ரத்தம் எடுக்க வைத்து, சாப்பிட வைத்து, வீட்டுக்கு அனுப்புவது என் வேலை. திருநெல்வேலியில் என் அம்மா மட்டும், "டாக்டருக்கு அடுத்த ஆளு எங்க பிள்ளைதான்" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை.

ஆராய்ச்சி இதுதான். சர்க்கரை நோய் பல வருடம் உடம்பில் குடியிருந்தால் சிறுநீரகத்தை மெல்ல அரிக்கும். வழக்கமான பரிசோதனையில் அது தெரிய வரும்போது பாதிக் காரியம் முடிந்திருக்கும். அதற்கு வெகு முன்பே ரத்தத்தில் ஒரு புரதம் ஏறத் தொடங்குகிறதாம். அது உண்மையா, அதை நம்பி முன்கூட்டியே எச்சரிக்கலாமா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு கூட்டத்தார் தேவை. ஒரு பக்கம் சர்க்கரை நோயாளிகள். இன்னொரு பக்கம் அதே வயதில், எந்த நோயும் இல்லாதவர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொள்ளும் இந்த இரண்டாம் கூட்டத்துக்கு எங்கள் பேச்சில் 'கண்ட்ரோல்' என்று பெயர்.

நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. கண்ட்ரோல்தான் கிடைக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லாதவர் எதற்காகக் காலையில் பட்டினியாகக் கிளம்பி வந்து ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுப்பார்? கொடுக்க முன்வந்தவர்களும் சோதனையில் தேறவில்லை. வாசல் காவலாளி, "எனக்கு ஒரு நோயும் கிடையாது" என்று மார்தட்டிக்கொண்டு வந்தார். ரத்த அழுத்தம் பார்த்த சிஸ்டர் அவரை அப்படியே சக்கர நாற்காலியில் வைத்து அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கொண்டாப்பூரில் என் கணவரின் அலுவலக மேலாளர், தனக்குச் சர்க்கரை அறவே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். "மாத்திரை போட்டுக்கிட்டா நார்மலாத்தான் இருக்கு" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

பட்டினி என்பதற்கு இந்த ஊரில் தனி இலக்கணம் இருப்பதும் அப்போதுதான் புரிந்தது. "ஒன்றும் சாப்பிடவில்லையே?" என்று கேட்டால், "இல்லை, சாய் மட்டும்தான்" என்பார்கள். பாலும் சர்க்கரையும் கெட்டியாகச் சேர்ந்த இரானி சாய். அதோடு ஒரு பிஸ்கட்டும் உள்ளே போயிருக்கும். அது சாப்பாட்டுக் கணக்கில் வராது.

எங்கள் தலைமை மருத்துவர் விஜயவாடாப் பக்கத்துப் பெண்மணி. எல்லோருக்கும் 'மேடம்'. அதிகம் பேச மாட்டார், பேசினால் அது உத்தரவாக இருக்கும். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, நோயாளிகளோடு துணைக்கு வரும் கணவன் மனைவிகளைக் கேட்டுப் பார் என்றார். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஏறக்குறைய ஒரே வயது. ஒப்பிட இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. எனக்கு உடனே அல்வால் அக்கா நினைவுக்கு வந்தார்.

அக்கா என்று நான் சொல்பவர் அறுபதை நெருங்கியவர். குடியாத்தம் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி, செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலுக்கு வந்தவர். அவருடைய கணவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட குடும்பம். கணவர் ராணுவக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஆராய்ச்சியில் ஆரம்பத்திலேயே சேர்ந்த நோயாளி. பல வருடச் சர்க்கரை, சிறுநீரில் புரதமும் போக ஆரம்பித்திருந்தது. முதல் நாள் நான் இருவரையும் ஊர் வழக்கப்படி அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டேன்.

"ஆன்ட்டின்னு கூப்டாதம்மா. காய்கறிக்காரன்தான் அப்படிக் கூப்புடுவான். அக்கான்னு கூப்புடு" என்றார் அந்த அம்மாள்.

"அப்ப நான் யாரு?" என்றார் கணவர்.

"நீங்க அங்கிள்தான்" என்றேன்.

"அது எப்படிம்மா? அவ அக்கான்னா நான் அத்தான் ஆவணும். இவ அக்கா, நான் அங்கிள்னா வெளியில என்னா நெனப்பாங்க? எனக்கும் அவளுக்கும் ரெண்டு வயசுதான் வித்தியாசம்!"

"வயசு ரெண்டுதான். மூஞ்சி பாத்தா தெரியலயே" என்றார் அக்கா.

எங்கள் ஊரில் அத்தான் என்று கூப்பிட ஒரு கூச்சம் வேண்டும். எனக்கு அது வரவில்லை. கடைசிவரை அவர் அங்கிளாகவே இருந்தார், ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு பெருமூச்சு விட்டார்.

அக்கா ஒவ்வொரு முறையும் கூடவே வருவார். துணைக்கு என்று சொல்ல முடியாது. குற்றப்பத்திரிகை வாசிக்க வருவார். "போன வாரம் நிக்காஹ் வீட்டுல டபுள் கா மீட்டா ஸ்வீட்ட ரெண்டு தபா வாங்கினாரு. நான் கைய கழுவிட்டு வர்றதுக்குள்ள." அங்கிள் கூரையைப் பார்ப்பார். வீட்டில் அவருக்கு அளந்த சோறு, அளந்த உருளைக்கிழங்கு. மாம்பழம் என்றால் கதுப்பு அக்காவுக்கு, கொட்டை அவருக்கு. மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அக்கா அங்கிளைத் தமிழில் திட்டும்போது தலையசைத்துக் கேட்பார். அங்கிளின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி அவ்வளவு கட்டுக்குள் இருப்பதற்கு மருந்து பாதி, அக்கா பாதி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே அக்காவிடமே கேட்டேன். ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுப்பீர்களா, உங்களைப் போல நோயில்லாத ஆள்தான் வேண்டும் என்றேன்.

"இதுல எனக்கு இன்னா லாபம்?"

உள்ளதைச் சொன்னேன். புரதத்தின் அளவு ஆராய்ச்சிக்கு மட்டும், அது யாருக்கும் சொல்லப்படாது. ஆனால் சர்க்கரை, சிறுநீரகம், கொழுப்பு ஆகிய சாதாரணப் பரிசோதனைகளின் முடிவை மேடமே கூப்பிட்டுச் சொல்வார்.

அக்கா யோசித்தார். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்து, "எடுத்துக்கோம்மா. நல்ல ரத்தம்னா எப்படி இருக்கும்னு இவரும் ஒரு தபா பாக்கட்டும்" என்றார்.

சம்மதம் தெரிவிப்பதோடு அந்த வீரம் தீர்ந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு அக்கா ஊசியைக் கண்டதே இல்லையாம். ரத்தம் எடுக்கும் சிஸ்டர் பட்டையைக் கட்டியதுமே நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அங்கிளுக்கு இந்த விஷயத்தில் வருடக்கணக்கான அனுபவம். பக்கத்தில் வந்து நின்று, "ஊசியப் பாக்காத. என்னியப் பாரு" என்று தைரியம் சொன்னார்.

"உங்களப் பாக்கறதுக்கு ஊசியையே பாத்துடலாம்" என்றார் அக்கா. சிஸ்டருக்குத் தமிழ் புரியாது, ஆனால் இது புரிந்துவிட்டது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவள் சிரித்து முடிக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக எடுத்து முடித்தாள். அங்கிளுக்கும் அன்று ரத்தம் எடுக்க வேண்டிய நாள்தான். இருவரின் குழாய்களும் சிறுநீர்ப் புட்டிகளும் ஒரே தட்டில் ஆய்வகத்துக்குப் போயின.

அடுத்த நாள் ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. நோயாளியின் சர்க்கரை நன்றாக இருக்கிறது, கண்ட்ரோலுடையது எக்கச்சக்கமாக இருக்கிறது, குழாயை மாற்றி ஒட்டிவிட்டீர்களா என்று கேட்டார்கள்.

ஆராய்ச்சியில் குழாய் மாறுவதைப் போன்ற அவமானம் வேறில்லை. சிஸ்டரிடம் ஓடினேன். அவள் நான் வாயைத் திறக்கும் முன்பே, "நேனு மார்ச்சலேது!" என்றாள். நான் மாற்றவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சிரிப்பில் கவனம் சிதறியிருக்குமோ என்று நான் கேட்கவும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அங்கிளின் ரத்தத்தில் சிறுநீரகப் பரிசோதனை எண் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி, சற்றுக் கூடுதலாக இருக்கும். இந்த முறையும் அது அவர் பெயர் ஒட்டிய குழாயில்தான் இருந்தது. குழாய் மாறியிருந்தால் அதுவும் சேர்ந்து மாறியிருக்குமே. ஆக, குழாய் மாறவில்லை. எக்கச்சக்கமான சர்க்கரை அக்காவுடையதேதான்.

சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே மன்னித்துவிட்டு, "பாவம் அந்த அம்மா" என்று தெலுங்கில் சொன்னாள். குழாய் மாறியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அப்போது ஒரு கணம் நினைத்தேன். அதுவும் உண்மை.

இதை மேடம்தான் சொல்ல வேண்டும், தொலைபேசியில் சொல்லக் கூடாது. அதனால் அக்காவைக் கூப்பிட்டு, மறுபடி ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது, இருவரும் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அங்கேதான் வினை. இருவரும் என்றதும், அங்கிளுக்குத்தான் ஏதோ முற்றிவிட்டது என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். அல்வாலிலிருந்து செகந்திராபாத் வரை ஆட்டோவில் விசாரணை நடந்திருக்கிறது. அவர்கள் எங்கள் மாடிக்கு வந்தபோது அங்கிள் வியர்த்துப் போயிருந்தார்.

"சொல்லுங்க. என்னா தின்னீங்க?"

"ஒண்ணும் இல்ல. கைக்கு இப்படிப் பரேஷான் பண்றே?" அங்கிளின் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும்: 'ஏன்' என்பது 'கைக்கு', 'ஆமாம்' என்பது 'ஹவ்', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'.

"ஒண்ணும் தின்னாமலா ரெண்டாந்தபா கூப்புடறாங்க? இந்தப் பொண்ணுகிட்டயே கேக்கலாம். ஏம்மா, சும்மா கூப்புடுவியா?"

மேடம் சொல்லும் முன் நான் சொல்ல முடியாதே, மேடத்தின் அறைக் கதவைப் பார்த்தேன். அதைப் பார்த்து அங்கிள் நிலைகுலைந்துவிட்டார். நடைபாதையில், வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகள் முன்னிலையில், அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார். சாயங்கால நடைக்குப் போகிறேன் என்று சொல்லி ஏரிக்கரையில் மிர்ச்சி பஜ்ஜி தின்றது. மருந்துக் கடைக்குப் போகிற சாக்கில் பேக்கரியில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு நாய்க்கென்று வாங்கிய ரொட்டியில் பாதியைத் தானே தின்றது.

"நாய் ரொட்டியா?" என்றார் அக்கா.

"அது நல்ல ரொட்டிதான். பால் ரொட்டி."

வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார். இவ்வளவு தின்றும் அவருடைய சர்க்கரை எப்படிக் கட்டுக்குள் நின்றது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த நடையாவது உண்மையாக நடந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நல்லவேளையாக மேடம் உள்ளே கூப்பிட்டார். அக்கா முன்னால் நடந்தார், தலைமை ஆசிரியரிடம் பையனை இழுத்துப் போகும் தாயைப் போல. மேடம் இருவரையும் உட்காரச் சொன்னார். பேசியது தெலுங்கில். அக்காவுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். சார் நன்றாக இருக்கிறார், அவருக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் சர்க்கரை இருக்கிறது, சிறுநீரிலும் கொஞ்சம் புரதம் தெரிகிறது, மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றார்.

அக்காவுக்கு முதலில் காதில் ஏறவே இல்லை. "இவருக்குத்தானே?" என்று கணவரைக் காட்டினார்.

"இல்லக்கா, உங்களுக்குத்தான் சொல்லுதாங்க" என்றேன். பதற்றத்தில் என் ஊர்த் தமிழ் வெளியே வந்துவிட்டது.

அப்போது அங்கிள் சிரித்தார். அடக்க முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பல வருடத்துச் சிரிப்பு அது. நானும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். அக்கா சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அதைப் பார்த்ததும் அங்கிளின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மெஷின் ரிப்பேரா இருக்கும்" என்றார் அக்கா. எழுந்து போய்த் தானே ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை ஊசியை நேராகப் பார்த்தார். அங்கிள் பக்கத்தில் நின்றார்.

மெஷின் ரிப்பேர் இல்லை. இரண்டாம் முடிவும் அதையே சொன்னது. மேடம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீக்கிரமே தெரிந்துவிட்டது, இப்போதே பிடித்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று பொறுமையாக விளக்கினார். கூடவே, இனி கண்ட்ரோலாக இருக்க முடியாது என்றும் சொன்னார். அக்கா, சரி, அப்படியானால் நோயாளிகள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவும் முடியாது. பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களைத்தான் அந்தப் பக்கம் எடுப்போம்.

"சர்க்கரையும் வந்துச்சு, ஆராய்ச்சியிலயும் எடமில்லையா? நல்லா இருக்கும்மா உங்க நியாயம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு கொஞ்ச நாள் வரவில்லை.

அடுத்த முறை அங்கிள் தனியாக வந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். வழக்கமாக அக்கா பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல ஒப்பிப்பார். இவர் ஒரு பாலித்தீன் பையை மேசையில் கொட்டினார்.

"வெள்ளை ஒண்ணு. மஞ்சள் ஒண்ணு. அப்புறம் அவ ஒடச்சிக் குடுப்பாளே, அது."

"பேரு தெரியாதா அங்கிள்?"

"கைக்கு தெரியணும்? அவ கையில வெப்பா, நான் வாயில போடுவேன்." மாத்திரைகளைத் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவ மாத்திரைய தொடவே இல்லம்மா. எனக்கு மட்டும் டைமுக்குக் குடுக்கறா. அவ கிட்னிக்கு ஏதாவது ஆயிடுமா?"

அத்தனை வருட நோயில் தன் சிறுநீரகத்தைப் பற்றி அவர் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மேடம் அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் மாத்திரை போட வேண்டும் என்றேன்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாம்மா. நான் சொன்னா கேக்க மாட்டா. நான் சொல்லி அவ என்னைக்குக் கேட்டா?"

போகலாமா என்று மேடத்திடம் கேட்டேன். ஆராய்ச்சி ஆளாகப் போகாதே, தமிழ்க்காரியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்றார். என் கணவரைத் துணி துவைக்க விட்டுவிட்டு, பரேடு கிரவுண்ட் வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து அல்வாலில் இறங்கினேன்.

கதவைத் திறந்த அக்கா, "அவரு அனுப்பிச்சாரா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அங்கிள் கையில் கரண்டியோடு சமையலறைப் பக்கம் நழுவினார். கரண்டியோடு அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அக்காவும் பார்த்ததில்லை போல, "இன்னா வேஷம் இது?" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

நான் மாத்திரைப் பேச்சை எடுக்கவில்லை. குடியாத்தத்தைப் பற்றியும் திருநெல்வேலி வெயிலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். அவரேதான் ஆரம்பித்தார்.

"நான் இனிப்புப் பைத்தியம் இல்லம்மா. இவருக்கு சுகர் வந்ததிலருந்து வீட்டுக்கு எது வந்தாலும் இவரு கண்ணுல படறதுக்கு முன்னாடி நானே தின்னுடுவேன். கல்யாண வீட்டு லட்டு, பக்கத்து வீட்டு ரம்ஜான் ஷீர் குர்மா பாயசம், கோயில் பிரசாதம். தூக்கிப் போட மனசு வருமா? இவரு பங்கையும் சேத்துத் தின்னுருக்கேன். இவருக்காகத்தான் தின்னேன், தெரியுமா?"

அதனால் மட்டும் வந்திருக்காது, குடும்பத்தில் யாருக்காவது இருந்திருக்கலாம், இந்த வயதில் பலருக்கும் வருகிறது என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அக்கா கையை அசைத்து என்னை நிறுத்தினார்.

"அது இல்ல. ஒரு வீட்டுல ஒரு நோயாளி இருந்தா, இன்னொருத்தர் பாத்துக்கலாம். புள்ள வெளியூர்ல இருக்கு, ரெண்டு பேரும் படுத்தா யாரு பாக்கறது? இவருக்கு மாத்திரை பேரு தெரியுமா? சாவி எங்க இருக்குன்னு தெரியுமா? இந்த வீட்டுல ரெண்டாவது நோயாளிக்கு எடம் இல்லம்மா. நான் மாத்திரை போட்டா, அந்த எடத்துல உக்காந்துட்டேன்னு ஆயிடும்."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். படித்தது எதுவும் அந்த இடத்துக்கு உதவவில்லை.

சமையலறை வாசலில் அங்கிள் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருக்கிறார்.

"எடம் கைக்கு இல்ல?" என்றார். "மூணு ரூம் வீடு. இவ்ளோ நாளா நான் ஒருத்தனே கால நீட்டி உக்காந்துனு இருந்தேன். கொஞ்சம் நகந்துக்கறேன். நீயும் உக்காரு."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுப்புல என்னா தீயுது?" என்றார்.

தீய்ந்தது ஜொன்ன ரொட்டி. சோளமாவில் தட்டுவது. அக்கம் பக்கத்தில் கேட்டு, எங்களுக்காகச் சுடப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட வட்டமாக இல்லை. விளிம்பெல்லாம் வெடித்து, நடுவில் கருகியிருந்தது. மூவரும் அதைத்தான் சாப்பிட்டோம். அக்கா ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறை சொன்னார். மாவுக்கு வெந்நீர் போதவில்லை, தட்டும்போது கை நனைக்கவில்லை, உப்பு எங்கே. ஆனால் இரண்டாவது ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முடித்ததும் அங்கிள் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினார்.

"இது பேரு என்னா? சொல்லுங்க பாக்கலாம்" என்றார் அக்கா.

அங்கிள் அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். தப்பாகத்தான் படித்தார். அக்கா திருத்திவிட்டு, விழுங்கினார்.

அதன் பிறகு என் கைப்பேசிக்கு அமைதியே இல்லை. அங்கிள் குரல் செய்தி அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டார். "ஹவ்மா, உங்க அக்கா இன்னைக்கு ஏரி சுத்தி நடக்க வரமாட்டேன்றா, முட்டி வலியாம், நம்பாத." பின்னாலேயே அக்காவின் செய்தி வரும். "நம்பாதம்மா, நடந்துட்டுதான் வந்தேன். இவருதான் பாதியில பெஞ்சுல உக்காந்துட்டாரு." இருவரும் ஒரே கைப்பேசியிலிருந்துதான் அனுப்பினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் முணுமுணுப்பது பின்னணியில் கேட்கும். என் கணவர் இரவுச் சாப்பாட்டில், "இன்னைக்கு யார் பக்கம் நியாயம்?" என்று கேட்டு எல்லாச் செய்தியையும் போட்டுக் கேட்பார். பெரும்பாலும் அவர் அங்கிள் கட்சி.

ரொட்டியும் மெல்ல வட்டத்துக்கு வந்தது. புகைப்படம் அனுப்புவார்கள். ஒருமுறை அக்கா தன் கைப்பட அதில் நெய் தடவியதை அங்கிள் ரகசியமாகப் படமெடுத்து அனுப்பி, மேடத்திடம் காட்டு என்றார். காட்டினேன். மேடம் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஆராய்ச்சியும் ஒருநாள் முடிந்தது. கண்ட்ரோல் ஆட்களை வேறொரு மருத்துவமனையிலிருந்து ஒருவழியாகத் திரட்டினோம். முடிவு நாங்கள் ஆசைப்பட்ட அளவுக்கு வரவில்லை. அந்தப் புரதம் சிலருக்கு முன்கூட்டியே ஏறுகிறது, சிலருக்கு ஏறவே இல்லை. இன்னும் அதிகம் பேரை, இன்னும் அதிக நாள் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். அங்கிளின் கடைசி வருகையன்று, என்னதான் கண்டுபிடித்தீர்கள் என்று அக்கா கேட்டபோது இதைத்தான் சொன்னேன்.

"இவ்ளோ ரத்தம் எடுத்து, 'தெரியல'ன்னா எழுதினீங்க?"

"கொஞ்சம் தெரியும்னு எழுதியிருக்கோம்க்கா."

அக்காவுக்குத் திருப்தியில்லை. ஆனால் அன்று அவர் வந்தது அதைக் கேட்க அல்ல. அவருக்கும் அன்று பரிசோதனை முடிவு கேட்கும் நாள். இப்போது அவர் ஆராய்ச்சியில் இல்லை, மேடத்தின் சாதாரண நோயாளி. முந்தைய நாள் கொடுத்த ரத்தம், சிறுநீரின் முடிவு வந்திருந்தது. மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். மூன்று மாதச் சராசரி நன்றாக இறங்கியிருந்தது. சிறுநீரில் புரதம் வழக்கமான அளவுக்குள் வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தக் கூடாது, நடையை விடக் கூடாது, வருடா வருடம் பார்க்க வேண்டும், ஆனால் இப்போதைக்குக் கவலை இல்லை என்றார்.

அங்கிள் தன் முடிவைக் கேட்கவே மறந்துவிட்டார். மேடம்தான் ஞாபகப்படுத்தினார். அவருடையது போன தடவை இருந்த இடத்திலேயே நின்றிருந்தது. அவருடைய நோய்க்கு, நின்றதே பெரிய விஷயம்.

அக்கா எழுந்தார். கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, "இருங்க, வரேன்" என்று வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை. அங்கிள் அந்தக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நடைபாதையில் இப்படியும் அப்படியும் பார்த்தபடி நின்றார். போய்ப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டேன். "நக்கோம்மா, விடு. அழுதுட்டு வருவா" என்றார்.

திரும்பி வந்தபோது முகம் கழுவி, நெற்றிப் பொட்டைச் சரிசெய்திருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது.

"இங்க கேன்டீன்ல இட்லி சூடா இருக்குமா?" என்று கேட்டார். "எனக்குப் பசிக்குது."

மூவரும் கீழே போனோம். இட்லி சூடாகத்தான் இருந்தது. சட்னியில் உப்பு அதிகம் என்று அக்கா பரிமாறியவரைக் கூப்பிட்டு, ரத்த அழுத்தக்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் இப்படியா போடுவது என்று தெலுங்கில் ஒரு பிடி பிடித்தார். அந்த ஆள் மிரண்டு போய் வேறு சட்னி கொண்டுவந்து வைத்தார். அங்கிள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, மிகுந்த நிம்மதியோடு சாப்பிட்டார்.